சீட்டுக்கு அடியில் ஒரு டப்பா

மாஸ்டர் பாதி உடம்பானது உங்களுக்குத் தெரிந்த கதைதான். போன வாரம் ஆஸ்பத்திரித் தராசில் ஏறி நின்றார். முள் முந்தைய தடவை நின்ற இடத்திலேயே நின்றது. டாக்டர் எழுந்து வந்து கைகொடுத்தார். "குறைக்கிறது பெரிசில்ல சார், இப்படியே இருக்கறதுதான் பெரிசு" என்றார். பக்கத்தில் நின்ற மாஸ்டரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

டாக்டருக்கும் மாஸ்டரம்மாவுக்கும் தெரியாத ஒரு விஷயம் அன்றைக்கே மாஸ்டரின் வயிற்றுக்குத் தெரியும். அவர் மறுபடி ஒளித்துச் சாப்பிட ஆரம்பித்திருந்தார். தராசு முள்ளுக்குச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

இந்த வாரம்தான் கதைக்குள் வருகிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். மாஸ்டர் என்பது கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். சொந்தமாக ஒரு கார், அதன் தலையில் ஒரு போர்டு, அதுதான் அவருடைய பள்ளிக்கூடம். இதற்கு முன் இரண்டு தடவை இளைத்து, இரண்டு தடவையும் இளைத்ததைவிட அதிகமாக ஊதியவர். இரண்டு தடவையும் அது ஆரம்பித்தது ஒளித்துச் சாப்பிட்டதில்தான்.

அதனால் இந்தத் தடவை மாஸ்டரம்மா ஒரே ஒரு சட்டம்தான் போட்டிருந்தாள். அவள் நர்ஸ், மருந்துச்சீட்டு மாதிரி சுருக்கமாகத்தான் பேசுவாள்.

"சாப்பிட்டுட்டா வந்து சொல்லுங்க. நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். ஒளிச்சீங்கன்னா மட்டும் அப்புறம் நான் உங்களை நம்ப மாட்டேன்."

ஒரு வாரமாக மாஸ்டர் அந்தச் சட்டத்துக்கு வெளியே நின்றுகொண்டு, உள்ளே இருப்பதுபோல நடித்துக்கொண்டிருக்கிறார். இன்றைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நாள் போகிறது. இன்றைக்கோ மாஸ்டரம்மாவுக்கு லைசென்ஸ் டெஸ்ட். இன்றைக்குப் போய் எப்படிச் சொல்வது?

அப்படி ஒரு சாக்கு கிடைத்ததில் காலையில் அவருக்குக் கொஞ்சம் நிம்மதிகூட வந்தது. சாக்கு கிடைத்தால் நிம்மதி வருகிற வியாதி அது.

"என்னங்க, இன்னும் பல் தேய்க்கறீங்களா? பிரஷ் தேஞ்சிடும்" என்று வாசலிலிருந்து குரல் வந்தது. மாஸ்டரம்மா செருப்பு மாட்டி, பையை மாட்டி, காரில் ஏறி உட்கார்ந்தே விட்டாள். விடிந்ததிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆஸ்பத்திரியில் அவளை வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கிற பிரிவுக்கு எடுத்திருக்கிறார்கள். கார் ஆஸ்பத்திரியே கொடுக்கும், லைசென்ஸ் அவள் கொண்டுவர வேண்டும். வார்டில் ராத்திரி பகலாக நின்று நரம்பு சுருண்டுபோன கால்களுக்கு அது பெரிய விடுதலை.

சாப்பாட்டு மேஜையில் மகள் அப்பாவுக்கு வைத்த அவித்த காய்கறியையே தானும் கொறித்துக்கொண்டிருந்தாள். பதினோராம் வகுப்பு படிக்கிறாள், வீட்டில் குட்டி என்று பெயர். அப்பா இளைக்க ஆரம்பித்த நாளிலிருந்து அவர் தட்டில் என்னவோ அதுதான் அவள் தட்டிலும்.

"அப்பா, அம்மா பாஸானா நீங்க மாஸ்டர். ஃபெயிலானா நீங்க வெறும் அப்பா" என்றாள்.

"ஃபெயிலானா நான் மனுஷனே இல்ல, போடி" என்றார் மாஸ்டர். சொன்ன வேகத்தில் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார்.

டெஸ்ட் மைதானத்துக்கு அவர்தான் ஓட்டினார். மாஸ்டரம்மா பக்கத்தில் உட்கார்ந்து வாய்க்குள் எதையோ முனகிக்கொண்டே வந்தாள். கிளட்ச், கியர், கண்ணாடி, ஹேண்ட்பிரேக். இடது கால் தானாக இல்லாத கிளட்சை மிதித்தது.

"பயப்படாதே. மேட்டுல மட்டும் நிதானம். கிளட்சை முழுசா மிதி, பாதி மிதிச்சா வண்டி கேவும்."

"தெரியும்."

"உயரம் கம்மி உனக்கு. ஏறினதும் முதல் வேலை என்ன?"

"சீட்டை முன்னாடி இழுக்கறது. எத்தனை தடவை சொல்வீங்க?"

எத்தனை தடவை சொன்னாரோ, அத்தனை தடவையும் அவர் மண்டையில் ஏறவில்லை. அதுதான் நான் சொல்ல வந்தது.

மைதானத்தில் ஏற்கெனவே கூட்டம். வேறு பள்ளிக்கூடங்களின் கார்கள், நகம் கடிக்கிற மாணவர்கள், ஓரத்தில் கம்பி வேலி. டெஸ்ட் எடுக்கிற அதிகாரி ஒரு அம்மாள். சிரித்தால் அரசாங்கத்துக்கு நஷ்டம் என்று யாரோ சொல்லிவைத்த மாதிரி முகம். டெஸ்ட் நேரத்தில் மாஸ்டர்கள் வேலிக்கு வெளியேதான் நிற்க வேண்டும். அவர்கள் உட்கார்கிற இடது சீட்டில், அவர்களுடைய தனி பிரேக்கின் மேல் கால் வைத்து, அந்த அம்மாள் உட்கார்ந்துகொள்வார்.

மாஸ்டரம்மா ஓட்டுநர் சீட்டில் ஏறினாள். குனிந்தாள். கீழே உள்ள கம்பியைத் தூக்கி, சீட்டை முன்னால் இழுத்தாள்.

சீட் வரவில்லை.

வேலிக்கு இந்தப் பக்கம் மாஸ்டருக்குக் குப்பென்று வியர்த்தது. அந்த நொடியில்தான் அவருக்கு ஞாபகம் வந்தது.

நேற்று சாயங்காலம் காரை வாசலில் நிறுத்தியதும் மாடிப்படி வழியாக அக்கா இறங்கி வந்தார். மாஸ்டரின் கூடப்பிறந்த அக்கா, மாடி அறையில் தனியாக இருக்கிறார். காரின் கண்ணாடி வழியாக ஒரு தகர டப்பாவை நீட்டினார். "சூடா இருக்கு, உள்ளேயே உக்காந்து சாப்பிட்டுட்டு வா. அவளுக்குத் தெரிய வேண்டாம்." டப்பாவில் வறுத்த உருளைக்கிழங்கு, அதன் மேல் சர்க்கரை தூவிய பன். ஒரு வாரமாக நடக்கிற ஏற்பாடு அது. மாஸ்டர் பாதி சாப்பிட்டிருந்தபோது வீட்டுக் கதவு திறந்தது. மூடிகூடச் சரியாகப் போடாமல் டப்பாவைச் சீட்டுக்கு அடியில் தள்ளினார். காலையில் வண்டி துடைக்கும்போது எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தார். காலையில் அவருக்கு முன்னால் மாஸ்டரம்மா வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

இப்போது அந்த டப்பா சீட் நகர்கிற தண்டவாளத்தில் சிக்கியிருக்கிறது.

உள்ளே மாஸ்டரம்மா இன்னொரு தடவை இழுத்தாள். அதிகாரியிடம் ஏதோ சொன்னாள். அதிகாரி கையை விரித்தார். வண்டியைத் தயாராகக் கொண்டுவருவது உங்கள் பொறுப்பு என்று அர்த்தம், இந்த மைதானத்தில் அதை எத்தனையோ தடவை பார்த்தவர் மாஸ்டர்.

ஒரு குரல் கொடுத்தால் போதும். "மேடம், ஒரு நிமிஷம், சீட்டுக்கு அடியில ஒண்ணு மாட்டியிருக்கு" என்று ஓடிப்போய் இழுத்துவிடலாம். விதியில் அதற்கு இடம் உண்டு. அவரே தன் மாணவர்களுக்காக அப்படி ஓடியிருக்கிறார். ஆனால் இழுத்தால் டப்பா கையில் வரும். டப்பா கையில் வந்தால் மாஸ்டரம்மா பார்ப்பாள்.

மாஸ்டரின் கை வேலியைப் பிடித்தது, விட்டது, மறுபடி பிடித்தது. வாய் திறந்தது. பக்கத்தில் நின்ற இன்னொரு பள்ளிக்கூடக்காரர், "என்ன மாஸ்டர், சம்சாரமா? நல்லா ஓட்டுவாங்களே" என்றார். "ஆமாமா" என்றார் மாஸ்டர். அதற்குள் கார் கிளம்பிவிட்டது.

அவள் எம்பி எம்பித்தான் ஓட்டினாள். சீட்டின் நுனிக்கு வந்து, முதுகு எதிலும் சாயாமல், இடது காலை நீட்டி நீட்டி. வளைவுகளில் தடுமாறவில்லை. பின்னால் எடுத்து நிறுத்தச் சொன்ன இடத்தில் அழகாக நிறுத்தினாள். சமாளித்துவிடுவாள், சமாளித்துவிடுவாள் என்று மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். தன் திருட்டு மறைந்துபோகட்டும் என்பதற்காக ஒரு மனிதன் தன் மனைவி ஜெயிக்க வேண்டும் என்று அவ்வளவு உருகியதை நான் பார்த்ததில்லை.

மேட்டில் நிறுத்திக் கிளப்புகிற இடம் வந்தது. நிறுத்தினாள். கியர் போட்டாள். கிளட்ச் முழுதாக மிதிபட வேண்டும், கால் எட்டவில்லை. வண்டி ஒரு கேவு கேவி அணைந்தது. மறுபடி கிளப்பினாள், மறுபடி அணைந்தது. மூன்றாவது தடவை வண்டி பின்னால் உருள ஆரம்பித்தது. அதிகாரி தன் பக்கத்து பிரேக்கை ஓங்கி மிதித்தார்.

அவ்வளவுதான், முடிந்தது.

அதிகாரி இறங்கினார். கோபத்தோடு சுற்றி வந்து ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து குனிந்தார். கையை உள்ளே விட்டு, ஆட்டி ஆட்டி, எதையோ வெளியே இழுத்தார். நசுங்கிய தகர டப்பா. மூடி வாயைப் பிளந்து கிடந்தது. பன்னிலிருந்து சர்க்கரை உதிர்ந்தது.

வேலியோரமாகச் சிரிப்பு கிளம்பியது. "வண்டி ஓட்ட வந்தாங்களா, விருந்துக்கு வந்தாங்களா?" என்று யாரோ கேட்டார்கள்.

"இது யாருது?" என்றார் அதிகாரி.

மாஸ்டரம்மா டப்பாவைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து வேலியைப் பார்த்தாள். நேராக மாஸ்டரின் முகத்தை. அவர் வாய் அப்போதும் திறந்துதான் இருந்தது, சத்தம்தான் வரவில்லை.

"என்னோடதுதான் மேடம்" என்றாள். "டூட்டிக்குப் போற வழியில சாப்பிடலாம்னு வெச்சிருந்தேன்."

"வீட்டுக்காரர் ஸ்கூல் நடத்தறார், உங்களுக்குச் சீட் நகர்த்தத் தெரியலை. அடுத்த தேதிக்கு வாங்க."

திரும்பும்போது மாஸ்டர் ஓட்டுநர் பக்கம் போனார். "நான் ஓட்டறேன்" என்று அவள் ஏறிக்கொண்டாள். கம்பியைத் தூக்கி இழுத்தாள். சீட் வழுக்கிக்கொண்டு முன்னால் வந்தது. மாஸ்டர் இடது பக்கம் ஏறி, டப்பாவை மடியில் வைத்துக்கொண்டார்.

தெரு முனை வந்தது.

"செகண்ட் போடு" என்றார் மாஸ்டர், பழக்க தோஷம்.

போட்டாள். "எத்தனை நாளா?"

"ஒரு வாரமா."

"சாப்பிட்டதுக்கு நான் கோவிச்சிருக்கேனா இதுவரைக்கும்?"

"இல்லை."

"நான் கம்பியைப் பிடிச்சு இழுத்தப்பவே உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. உங்க மூஞ்சியைப் பார்த்தேன். என்னமோ நெஞ்சுவலின்னு நினைச்சேன் நான். டெஸ்டை விட்டுட்டு இறங்கி ஓடி வரலாமான்னுகூட யோசிச்சேன்."

திட்டியிருந்தால்கூட மாஸ்டர் தாங்கியிருப்பார். அவள் அவர் மடியிலிருந்த டப்பாவை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி சாலையைப் பார்த்தாள்.

"என்னோடதுன்னு ஏன் சொன்னேன் தெரியுமா? உங்களைக் காப்பாத்தறதுக்கு இல்ல. உங்களைப் பார்த்து ஊரே சிரிச்சிட்டா, தண்டனை முடிஞ்சுதுன்னு நீங்க வீட்டுக்கு வந்து நிம்மதியாத் தூங்குவீங்க. அது நடக்கக் கூடாது."

"சிக்னல்" என்றார் மாஸ்டர் ஈனக் குரலில்.

"தெரியுது." நிறுத்தினாள். "ஏங்க? எதுக்கு மறுபடியும்?"

அவருக்கும் அது தெரிந்தால் தேவலை. பெரிய காரணம் ஏதாவது இருந்தால் கௌரவமாக இருந்திருக்கும்.

"இளைக்கறப்போ நல்லா இருந்துச்சும்மா. தராசுல ஏறினா ஒரு சந்தோஷம். பேண்ட் லூஸானா ஒரு சந்தோஷம். பார்க்கறவங்க எல்லாம் எப்படி இளைச்சீங்கன்னு கேட்டாங்க. இப்போ யாரும் கேக்கறதில்ல. முள்ளு அங்கேயே நிக்குது. ஒண்ணும் நடக்கலை. ஆனா வாய் மட்டும் அப்படியேதான் இருக்கு, அது இளைக்கவே இல்ல. இன்னும் எத்தனை நாளைக்குன்னு டாக்டரைக் கேட்டேன். 'எத்தனை நாளைக்குன்னு கேக்காதீங்க சார்'னுட்டார்."

"நான் கண்ணாடி போட்டிருக்கேன். எத்தனை நாளைக்குன்னு கேட்டேனா? காலையில எழுந்தா மாட்டிக்கறேன்."

"கண்ணாடி உன்னைக் கூப்பிடாதே. இது கூப்பிடுது."

பின்னால் ஹாரன் அடித்தார்கள். கிளட்சை முழுதாக மிதித்து, ஒரு குலுங்கல்கூட இல்லாமல் வண்டியை எடுத்தாள். மாஸ்டருக்கு அதைப் பார்க்க அழுகையே வந்தது.

வழியில் மரத்தடியில் நிறுத்தி ஆஸ்பத்திரிக்குப் போன் பேச இறங்கினாள். புது வேலைக்கு அவகாசம் கேட்க வேண்டும். கொஞ்சம் தள்ளி நின்று, ஒரு காதைப் பொத்திக்கொண்டு, "ஆமா சிஸ்டர்... இல்ல சிஸ்டர், என் தப்புதான்" என்று சொல்வது காதில் விழுந்தது.

மாஸ்டரின் மடியில் டப்பா. உள்ளே ஓர் ஓரத்தில் நசுங்காத உருளைக்கிழங்கு இரண்டு துண்டு. அவமானப்பட்டவனுக்குப் பசி வராது என்று நினைக்கிறவர்கள் இந்த இடத்தை இன்னொரு தடவை படியுங்கள். அந்த நேரத்திலும் அவருக்கு நாக்கில் நீர் ஊறியது. அவள் முதுகைக் காட்டி நிற்கிறாள், இரண்டே துண்டு, யாருக்குத் தெரியப்போகிறது?

கதவைத் திறந்து இறங்கினார். குப்பைத்தொட்டி வரை நடந்து போய் டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினார். விரலெல்லாம் எண்ணெய். விரல் வாய்ப்பக்கம் பாதி தூரம் வந்துவிட்டது. அதைப் பேண்ட்டில் அழுத்தித் துடைத்துக்கொண்டு, திரும்பி வந்து உட்கார்ந்தார்.

போன் பேசிவிட்டு வந்தவள் காலி டப்பாவைப் பார்த்தாள். "கொட்டினேன்" என்றார். "இப்பவும் சாப்பிடத்தான் தோணிச்சு. சொல்லிட்டேன்."

அவள் முகத்தில் என்னவோ கொஞ்சம் இளகியது. ஆனால் விடவில்லை.

"உங்க அக்கா டப்பாதானே இது? மூடியில அந்த நீலப் பூ எனக்குத் தெரியாதா? நான் போய்க் கேட்டா, தம்பிக்குச் சோறு போடறதைத் தடுக்கறான்னு பேராயிடும். நீங்களே போங்க. காலியாக் குடுங்க. வாயைத் திறந்து சொல்லுங்க."

சாயங்காலம் மாஸ்டர் மாடி ஏறினார். பாதிப்படியில் இரண்டு தடவை நின்றார். கதவைத் திறந்ததும் எண்ணெய் வாசனை முகத்தில் அடித்தது. அக்கா அடுப்பின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். ஒரு கம்பெனி கேன்டீனில் வருஷக்கணக்காகச் சமைத்தவர். கேன்டீனை மூடினார்கள், புருஷனும் போய்ச் சேர்ந்தார், கை மட்டும் சும்மா இருக்கப் பழகவில்லை.

"வாடா. டப்பாவை இப்படி நசுக்கி வெச்சிருக்கே?"

"அக்கா, இனிமே எனக்கு வேண்டாம்."

"ஏன், அவ சொன்னாளா?"

"நான் சொல்றேன். எனக்கு இது சாப்பாடு இல்லக்கா, குடிகாரனுக்குக் குடி மாதிரி. ஒண்ணு தின்னா நிறுத்தத் தெரியாது. இன்னிக்கு என்னாலதான் அவ டெஸ்ட் போச்சு."

அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். "கன்னம் ஒட்டிப்போய்ச் சீக்காளி மாதிரி நிக்கறே. என் கண்ணுக்கு அது பொறுக்கலை. பாசத்துல குடுத்தா அது விஷமா?"

"பாசம் இல்லைன்னு சொல்லலைக்கா. மேல வா, உக்காரு, பேசுன்னு சொல்லு. தினம் வர்றேன். டப்பா மட்டும் வேண்டாம்."

அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு ரோஷம் வந்துவிட்டது.

"என்னமோ ஊர்ல இல்லாத கூத்து. உனக்கு மட்டுமா கட்டறேன்? உன் பொண்ணுக்கும்தான் தினம் ஒரு டப்பா கட்டறேன். அவ கீழே உங்ககூட உக்காந்து புல்லைத் தின்னுட்டு, மேல வந்து இங்க சாப்பிட்டுட்டுத்தான் போறா. அவ ஏதாவது குத்தம் சொன்னாளா? 'அத்தை, கீழே சொல்லிடாதீங்க'ன்னா. நானும் சொல்லலை. இப்போ வாய் தவறி வந்துடுச்சு."

மாஸ்டர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"எவ்வளவு நாளாக்கா?"

"நீ இளைக்க ஆரம்பிச்சதுலேர்ந்துதான்."

அவருக்கு வந்தது முதலில் கோபம்தான். பதினாறு வயசில் இந்தத் திருட்டா, யாரைக் கேட்டு, வரட்டும் அவள் என்று. அந்தக் கோபத்துக்கு நிற்கக் கால் இல்லை. அவர் பயந்துபோயிருந்தார். தன் மூட்டு தேய்ந்ததும், தன் மூச்சு வாங்கியதும், ராத்திரி எழுந்து தனியாக இருட்டில் மென்றதும் எல்லாம் ஒரு பெண் பிள்ளையின் உருவத்தில் கண் முன்னால் வந்து போயின.

கீழே படியில் காலடிச் சத்தம். பள்ளிக்கூடப் பை கைப்பிடியில் உரசுகிற சத்தம்.

"அத்தை, ரெடியா? அப்பா வர்றதுக்குள்ள..."

திருப்பத்தில் குட்டியின் தலை தெரிந்தது. மேலே நிற்கிற அப்பாவைப் பார்த்ததும் கால் அப்படியே நின்றுவிட்டது. முகத்தில் ரத்தம் இல்லை. கை தானாகப் பையின் ஜிப்பை இழுத்து மூடியது.

கேள்விகள் மாஸ்டரின் வாய் வரைக்கும் வந்துவிட்டன. பையில என்ன, எத்தனை நாளா, அம்மாவுக்குத் தெரியுமா. எல்லாவற்றையும் விழுங்கினார். இன்றைக்கு அவர் விழுங்கிய ஒரே நல்ல விஷயம் அது.

மேல்படியில் உட்கார்ந்தார். சுவரோடு ஒட்டிப் பக்கத்தில் இடம் விட்டார்.

"வா, குட்டி. உக்காரு. முதல்ல நான் ஒளிச்சதைச் சொல்றேன்."

குட்டி ஒரு படி ஏறினாள். பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.